பழைய கெர்னலுக்குத் தூங்கக் கற்றுத்தருதல்

ஒரு வேலையும் செய்யாமல் திறந்துவைத்த மடிக்கணினி ஏன் சூடாகிறது? திரையில் ஒரே ஒரு ஆவணம் திறந்திருக்கிறது. யாரும் தட்டச்சு செய்யவில்லை, பாட்டு ஓடவில்லை. ஆனாலும் அடிப்பக்கம் கொதிக்கிறது, விசிறி இரைகிறது, பேட்டரி மடமடவென்று இறங்குகிறது. அதே மடிக்கணினியை அணைத்து, வேறோர் இயங்குதளத்தை ஏற்றிப் பார்த்தால் விசிறி அடங்கிவிடுகிறது. சில்லு அதேதான், பேட்டரியும் அதேதான். மாறியது மென்பொருள் மட்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் புதிரை மடியில் வைத்தே பார்க்கும் வாய்ப்பு லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கிடைத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸையும் சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸையும் ஒரே கணினியில் நிறுவிக் கொடுத்தார்கள். லினக்ஸ் போட்டால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது அந்த ஆண்டுகளில் உலகம் முழுவதும் கேட்ட குறை. அதற்கான காரணத்தைத் தேடிப்போனால், செயலி தூங்குவதற்குக்கூட மென்பொருள் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற வியப்பான செய்தியில் போய் நிற்போம்.

பேட்டரி தீர்ந்தால் செருகியில் மாட்டிக்கொள்ளலாம், இதில் என்ன பெரிய விஷயம் என்று சென்னையில் இருப்பவர் கேட்கலாம். தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் இருப்பவர் அப்படிக் கேட்க மாட்டார். ஃபெரார்கஞ்ச் வட்டத்தைச் சேர்ந்த அந்த ஊருக்கு வருவது தீவுக்குள்ளேயே உற்பத்தியாகும் மின்சாரம். இந்தியாவின் பெருமின்கட்டமைப்பிலிருந்து ஒரு கம்பிகூட அங்கே போகவில்லை. நம் நெய்வேலி என்எல்சி நிறுவனம் டாலிகஞ்ச், அட்டம் பஹாட் ஆகிய இடங்களில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையமும் அதற்கான பேட்டரிச் சேமிப்பும் அமைத்திருக்கிறது. அதையும் மீறி, தீவின் பெரும்பாரத்தைச் சுமப்பவை டீசல் ஜெனரேட்டர்கள்தான். அந்த டீசல் கப்பலில் வர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அலுவலகத்தில் பத்துக் கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போது தேவைக்குமேல் 10 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 300 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் மூன்றரை முதல் நான்கு யூனிட் வரை எடுக்கலாம் என்பதால், 75 முதல் 85 லிட்டர் டீசல் எந்த வேலையும் நடக்காமலே எரிகிறது. கடல் தாண்டி வந்த டீசல் அது.

சரி, புதிய மென்பொருளை இறக்கி நிறுவிக்கொள்ளலாமே? 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி ஒளியிழைக் கம்பி திறந்துவைக்கப்படும் வரை, தீவுகளின் இணையம் முழுக்கச் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. நொடிக்கு 512 கிலோபிட் வேகம் தடையில்லாமல் கிடைத்தாலும், ஓர் இயங்குதளத்தின் முழு டிவிடியை இறக்க 20 மணி நேரம் ஆகும். கெர்னலை மட்டும், அதாவது சுமார் 30 மெகாபைட் பொதியை மட்டும் இறக்க எட்டு நிமிடம் போதும். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மூலக்கரு. வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது அதுதான், மற்ற மென்பொருள்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் பேச முடியும். இயங்குதளத்தைப் பழையபடியே விட்டுவிட்டு, புதிய கெர்னலில் இருக்கும் ஒரு திறனை மட்டும் எடுத்துப் பழைய கெர்னலில் பொருத்தும் வேலையை பேக்போர்ட் என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் பின்னேற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

பின்னேற்றம் ஏன் எளிதில்லை என்று புரிய, செயலி எப்படித் தூங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

செயலிக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவை மின்சாரத்தை இரண்டு வழிகளில் செலவழிக்கின்றன. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மின்னேற்றம் போகிறது. இது இயக்கச் செலவு. சும்மா இருக்கும்போதும், மின்னழுத்தம் இருக்கும் வரை, மூடிய டிரான்சிஸ்டர் வழியாகவும் கொஞ்சம் கசிகிறது. இது கசிவுச் செலவு. வேகத்தைக் குறைத்தால் இயக்கச் செலவு குறையும். கூடவே மின்னழுத்தத்தையும் குறைத்தால் இன்னும் நன்றாகக் குறையும், ஏனென்றால் அழுத்தம் பாதியானால் இந்தச் செலவு நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆனால் கசிவை அடியோடு நிறுத்த வேண்டுமானால் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். துண்டித்தால் செயலி தான் எங்கே நின்றது என்பதையே மறந்துவிடும். ஆகவே அதற்குமுன் கையிலிருக்கும் கணக்கையெல்லாம் ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும், எழுந்ததும் எடுத்துப் படிக்க வேண்டும். அதற்கு நேரமும் ஆகும், மின்சாரமும் ஆகும்.

ஊரில் இருக்கும் மளிகைக் கடை அண்ணாச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணி, கூட்டமில்லை. கல்லாவிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளலாம். ஆள் வந்தால் சட்டென்று எழுந்துவிடலாம், ஆனால் கடைக்குள் விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் சரக்கை உள்ளே தள்ளி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் படுக்கலாம். அதுவும் இல்லையென்றால் மெயின் சுவிட்சை அணைத்து, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கே போய்விடலாம். மூன்றாவதில்தான் சேமிப்பு அதிகம். ஆனால் பூட்டித் திறக்கிற அலைச்சல் இருக்கிறது. அடுத்த வாடிக்கையாளர் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்றால் வீட்டுக்குப் போவது நஷ்டம்.

செயலியின் தூக்க நிலைகளும் இப்படித்தான். விழித்து வேலை செய்வது சி0. கடிகாரத் துடிப்பை மட்டும் நிறுத்துவது சி1. தற்காலிக நினைவகத்தையும் காலிசெய்துவிட்டுப் படுப்பது சி3. கணக்கை எழுதிவைத்துவிட்டு, செயலிக்குள் கணக்கிடும் அலகான உட்கருவுக்கான மின்சாரத்தையே துண்டிப்பது சி6.

எந்த நிலைக்குப் போனால் கட்டுபடியாகும் என்பதற்கு இரண்டு எண்கள் தேவை: விழிக்க எவ்வளவு நேரமாகும், குறைந்தது எவ்வளவு நேரம் தூங்கினால் லாபம். லினக்ஸ் கெர்னலுக்குள் இந்த எண்கள் செயலி வாரியாக அட்டவணையாக எழுதப்பட்டிருக்கின்றன, யாரும் திறந்து படிக்கலாம். இன்டெல்லின் நெஹேலம் குடும்பச் சில்லுகளில் சி6-லிருந்து விழிக்க 200 மைக்ரோவினாடி, லாபம் பார்க்கக் குறைந்தது 800 மைக்ரோவினாடி தூங்க வேண்டும். அடுத்து 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜில் விழிக்க 104, லாபத்துக்கு 345. ஒரு மைக்ரோவினாடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இந்த இரண்டு வரிகளை அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். சாண்டி பிரிட்ஜ் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு நெஹேலத்தின் கணக்கில் முடிவெடுக்கும் கெர்னல், 345-க்கும் 800-க்கும் இடைப்பட்ட ஓய்வு கிடைக்கும் போதெல்லாம் சி6-க்குப் போகலாம் என்று தெரியாமல் மேலோட்டமான நிலையிலேயே கிடக்கும். சில்லுக்குத் திறமை இருக்கிறது, கேட்பாரில்லை.

முடிவெடுப்பது யார்? கெர்னல்தான். ஒவ்வொரு முறையும் வேலை தீர்ந்ததும், அடுத்து எப்போது எழ வேண்டியிருக்கும் என்று அது ஊகிக்கிறது. தனக்கே தெரிந்த அடுத்த அலாரம் எப்போது என்பதை எடுத்துக்கொண்டு, சற்றுமுன் தன் ஊகம் எத்தனை தடவை பொய்த்தது என்பதை வைத்து அதைத் திருத்திக்கொள்கிறது. பிறகு அட்டவணையைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்கிறது. நொடிக்குப் பல நூறு தடவை இது நடக்கிறது.

அட்டவணை கெர்னலுக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற பொது ஏற்பாட்டை வெளியிட்டன. கணினியைத் தயாரித்தவர் அதன் பயாஸுக்குள், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளுக்குள், தூக்க நிலைகளின் பட்டியலை எழுதிவைப்பார், இயங்குதளம் படித்துக்கொள்ளும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பட்டியலை எழுதியவர் எவ்வளவு அக்கறையாக எழுதினாரோ அவ்வளவுதான் அதன் தரம். ஆழ்ந்த நிலைகளைப் பட்டியலில் சேர்க்காமலே விற்பனைக்கு வந்த கணினிகள் உண்டு. அதனால் இன்டெல்லின் லென் பிரவுன் வேறொரு வழியை எடுத்தார். பயாஸிடம் கேட்காமல், சில்லின் மாதிரி எண்ணை நேரே கேட்டு, கெர்னலுக்குள்ளேயே இருக்கும் அட்டவணையைப் பயன்படுத்தும் இன்டெல்-ஐடில் என்ற இயக்கி 2010 ஆகஸ்டில் லினக்ஸ் 2.6.35-ல் சேர்ந்தது. அந்த நாட்களில் மாதிரி எண் அட்டவணையில் இல்லையென்றால் இயக்கி ஒதுங்கிக்கொண்டது, பழையபடி பயாஸ் சொன்னதுதான் வேதவாக்கு.

இப்போது தேதிகளைக் கோத்துப் பாருங்கள். போஸ் லினக்ஸுக்கு அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ் வினியோகம். டெபியனின் 6-ஆம் பதிப்பு 2011 பிப்ரவரியில் வந்தது. அதன் கெர்னல் 2.6.32, அதாவது 2009 டிசம்பரில் வெளியானது. சாண்டி பிரிட்ஜ் சந்தைக்கு வந்ததோ 2011 ஜனவரியில். பிறந்து 14 மாதமான கெர்னல், தான் பிறந்தபோது இல்லாத ஒரு சில்லை நடத்த வேண்டியிருந்தது. இதில் யாரையும் குறைசொல்வதற்கில்லை. நிலையான பதிப்பு என்றாலே, பல மாதம் சோதித்துப் பார்த்து, இனி மாற்ற மாட்டோம் என்று உறுதிசொல்லி வெளியிடுவதுதானே. டெபியன்காரர்கள் சும்மாவும் இருக்கவில்லை. பெயருக்கு 2.6.32 என்றாலும், அதன் வரைகலைப் பகுதியை 2.6.33-லிருந்து பின்னேற்றித்தான் கொடுத்தார்கள். கெர்னலின் எண்ணைப் பார்த்து அதற்குள் என்ன இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு இதுவே சான்று.

பின்னேற்றத்தில் மிகச் சுலபமானது அட்டவணையில் ஒரு வரி சேர்ப்பது. புதிய சில்லின் மாதிரி எண், அதன் தூக்க நிலைகள், நேரங்கள், அவ்வளவுதான். இயக்கி ஏற்கெனவே இருக்கிறது, ஒரு ஆளை அறிமுகம் செய்துவைக்கிறோம். லினக்ஸின் நிலையான கிளைகளுக்கான விதிகளும் இதற்கு இடம் கொடுக்கின்றன. அங்கே சேரும் திருத்தம் நூறு வரிக்கு மேல் போகக் கூடாது, முதன்மைக் கிளையில் ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டும், உண்மையான பழுது ஒன்றைத் தீர்க்க வேண்டும் என்பவை கட்டுப்பாடுகள். புதிய வன்பொருளின் அடையாள எண்ணைச் சேர்ப்பதற்கு மட்டும் தனி அனுமதி உண்டு. புதிய திறன்களுக்கு அங்கே கதவு மூடியிருக்கிறது. அந்த வேலையை ரெட் ஹாட், உபுண்டு, டெபியன் போன்ற வினியோகத்தார்தான் தங்கள் பொறுப்பில் செய்ய வேண்டும்.

வரி சேர்த்தால் மட்டும் போதாத இடங்களில்தான் வேலை கடினமாகிறது. 2007 மார்ச்சில் வந்த ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 5-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் கெர்னல் 2.6.18. பத்து ஆண்டு ஆதரவு பெற்ற பதிப்பு அது. அந்தக் காலத்துக் கெர்னல்களில் ஒரு பழக்கம் இருந்தது: வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நேரத்தைக் கணக்குப் பார்க்க நொடிக்குப் பல நூறு தடவை, இந்தக் கெர்னலில் ஆயிரம் தடவை, செயலியைத் தட்டி எழுப்புவது. இதை டிக் என்பார்கள். ஆயிரம் மைக்ரோவினாடிக்கு ஒரு தட்டல். நெஹேலத்தின் சி6-க்கோ 800 மைக்ரோவினாடி ஓய்வு வேண்டும். அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்குள் கடையில் ஒருவர் மணி அடிக்கிறார், அதுவும் ஒன்றும் வாங்காமல், நேரம் என்ன என்று கேட்க. அட்டவணையை எவ்வளவு துல்லியமாகப் பின்னேற்றினாலும் இந்தக் கெர்னலில் பெரிய பலன் கிடைக்காது. வேலையில்லாதபோது டிக்கை நிறுத்திவைக்கும் ஏற்பாடு 2007 ஏப்ரலில் 2.6.21-ல் வந்தது. 64-பிட் கணினிகளுக்கு அதற்கும் பிறகு, 2.6.24-ல்தான் வந்தது. அதைப் பின்னேற்றுவதென்றால் கெர்னல் நேரம் பார்க்கும் முறையையே பிரித்துப் போட்டு மறுபடி கட்ட வேண்டும். அதன்பின் அதைப் பழைய கெர்னல் என்று சொல்வதே சரியாக இருக்காது.

இன்னொரு சிக்கல் எனக்கு எப்போதும் ஆச்சரியமளிப்பது. ஒவ்வொரு செயலி உட்கருவுக்குள்ளும் ஓர் அலாரம் உண்டு. இன்ன நேரத்தில் எழுப்பு என்று கெர்னல் அதில்தான் எழுதிவைக்கும். நெஹேலம் போன்ற சில்லுகளில், உட்கரு ஆழ்ந்து தூங்கப் போனால் அந்த அலாரமும் சேர்ந்தே நின்றுவிடும். கடையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கடைக்குள் இருக்கும் மின்சார அலாரம் அடிக்கும் என்று அண்ணாச்சி வீட்டில் காத்திருக்கிற கதைதான். எழுப்ப ஆளில்லை. கணினி அப்படியே உறைந்து நிற்கும், அல்லது விசைப்பலகையில் யாராவது தட்டினால்தான் நகரும். தீர்வு: தூங்கப் போகுமுன், சில்லுக்கு வெளியே தாய்ப்பலகையில் இருக்கும் வேறொரு கடிகாரத்திடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போவது. பின்னர் வந்த சில்லுகளில் ஒருபோதும் நிற்காத அலாரம் வந்துவிட்டது, ஆனால் அப்படி ஒன்று இருக்கிறதா என்று சில்லிடம் கேட்டறியும் வழி கெர்னலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஆழ்ந்த தூக்கம் என்ற ஒரே ஒரு திறனைப் பின்னேற்றப் போனவர், அலாரத்தை ஒப்படைக்கும் ஏற்பாடும், நிற்காத அலாரத்தை அடையாளம் காணும் ஏற்பாடும் அந்தக் கெர்னலில் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். இல்லையென்றால் அவற்றையும் கொண்டுவர வேண்டும். அவை வேறு எதையாவது கேட்கும்.

செய்ய முடியாததில்லை. 2010 நவம்பரில் வந்த ரெட் ஹாட் 6-ன் கெர்னல் எண்ணும் 2.6.32தான். ஆனால் 2.6.35-ல் பிறந்த இன்டெல்-ஐடில் இயக்கி அதில் இருந்தது. பங்குச் சந்தை வணிகம் போல ஒரு மைக்ரோவினாடி தாமதத்தையும் பொறுக்காத இடங்களில் அந்த இயக்கியை அணைத்துவைப்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. சேமிக்கத் தெரிந்த கெர்னலிடம் சேமிக்காதே என்று சொல்லும் உரிமையும் பயனருக்கு வேண்டும், அதுவும் நியாயம்தான்.

பின்னேற்றம் பலித்ததா என்று எப்படித் தெரியும்? கையை வைத்துச் சூடு பார்ப்பது போதாது. சில்லுக்குள்ளேயே கணக்கெடுக்கும் பதிவேடுகள் இருக்கின்றன. ஒவ்வோர் உட்கருவும் எந்தத் தூக்க நிலையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை அவை எண்ணிக்கொண்டே வருகின்றன. டர்போஸ்டாட் என்ற சிறிய நிரல் அதைப் படித்துச் சொல்லும். கெர்னல் சி6-க்குப் போகச் சொன்னேன் என்று சொல்வது ஒன்று, சில்லு உண்மையில் போனதா என்பது வேறு. இரண்டையும் ஒப்பிட முடிவதுதான் இதன் அருமை. 2007-ல் இன்டெல் வெளியிட்ட பவர்டாப் இன்னும் எளிது. அதை ஓடவிட்டால், நொடிக்கு எத்தனை தடவை செயலி எழுப்பப்படுகிறது, எழுப்புவது எந்த நிரல் என்று வரிசையாகக் காட்டும். மூலையில் மினுக்கும் ஒரு கடிகாரப் படம், புது அஞ்சல் வந்ததா என்று ஓயாமல் எட்டிப் பார்க்கும் நிரல் என்று குற்றவாளிகள் பெயரோடு வந்து நிற்பார்கள். கடைசி நீதிபதி மட்டும் கணினிக்கு வெளியே இருக்கிறார்: சுவர்ச் செருகிக்கும் மின்வடத்துக்கும் நடுவில் பொருத்தும் வாட் மீட்டர். மற்ற அளவீடுகள் எதைச் சொன்னாலும், அதில் எண் இறங்கினால்தான் டீசல் மிச்சம்.

அளந்ததால் வெளிப்பட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2011-ல் ஃபோரோனிக்ஸ் என்ற இதழ் மடிக்கணினிகளில் அடுத்தடுத்த கெர்னல்களை ஏற்றி மின்செலவை அளந்தபோது, 2.6.38-ல் செலவு கூடியிருப்பதைக் கண்டது. ஒரு கெர்னல் வெளியீட்டுக்குச் சுமார் பத்தாயிரம் மாற்றங்கள். குற்றவாளி எது? நடுவில் இருக்கும் மாற்றம் வரைக்குமான கெர்னலைக் கட்டி அளக்க வேண்டும். செலவு கூடியிருந்தால் குற்றவாளி முன்பாதியில், இல்லையென்றால் பின்பாதியில். மறுபடி பாதி, மறுபடி பாதி. பத்தாயிரத்தில் ஒன்றைப் பிடிக்கப் பதினான்கு அளவீடுகள் போதும். சிக்கியது, செயலியையும் மற்ற உறுப்புகளையும் இணைக்கும் தடங்களின் ஓய்வு பற்றிய ஒரு சிறு மாற்றம். இந்தத் தடங்களின் ஓய்வை இக்கணினி ஆதரிக்கவில்லை என்று பயாஸ் சொன்னால், கெர்னல் அதை வலுக்கட்டாயமாக அணைத்துவந்தது. அப்போது ரெட் ஹாட்டில் இருந்த மேத்யூ காரெட், விண்டோஸ் பற்றிய மைக்ரோசாஃப்டின் விளக்கக்காட்சி ஒன்றைப் படித்து, பயாஸின் அந்தச் சொல்லுக்கு ‘அணைத்துவிடு’ என்று பொருள் இல்லை, ‘இருப்பதைத் தொடாதே’ என்றுதான் பொருள் என்ற முடிவுக்கு வந்தார். திருத்தம் புதிய கெர்னலில் சேர்ந்ததோடு நிற்கவில்லை. 2012 பிப்ரவரியில் 3.2.5 என்ற நிலையான வெளியீடு அந்தத் திருத்தத்துக்காகவே வந்தது. விதிகளுக்கு உட்பட்ட, நியாயமான பின்னேற்றம்.

அதே ஆண்டில் உபுண்டு செய்தது இதைவிடத் துணிச்சலானது. சாண்டி பிரிட்ஜில் செயலியும் வரைகலைப் பகுதியும் ஒரே சில்லில் இருக்கின்றன. வரைகலைப் பகுதி விழித்திருந்தால் சில்லு முழுவதும் ஆழ்ந்து உறங்க முடியாது. அதைத் தூங்கவைக்கும் ஆர்சி6 என்ற ஏற்பாடு கெர்னலில் இருந்தது, ஆனால் சில கணினிகளில் திரை குழம்புகிறது, உறைகிறது என்று அதை முடக்கிவைத்திருந்தார்கள். முதன்மைக் கெர்னலில் அது இயல்பாக இயங்கத் தொடங்கியது 3.4-ல். உபுண்டு 12.04-ன் கெர்னலோ 3.2. ஐந்தாண்டு ஆதரவு பெறும் பதிப்பு, மக்கள் நெடுங்காலம் வைத்திருப்பார்கள். எனவே உபுண்டு குழுவினர் திருத்தங்களை 3.2-க்குப் பின்னேற்றி, உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பயனர்களிடம் பகிரங்கமாகக் கேட்டார்கள். விதவிதமான கணினிகளிலிருந்து முடிவுகள் வந்தபின்தான் அதை இயக்கிவைத்தார்கள். பின்னேற்றத்தை இப்படித்தான் செய்ய வேண்டும் என்பேன். நிரலைப் பொருத்துவது ஒரு சிலரின் வேலை. அது யார் கணினியையும் கெடுக்கவில்லை என்று உறுதிசெய்யப் பலர் வேண்டும்.

அந்த எச்சரிக்கை ஏன் என்பதற்கு இன்டெல்லின் பே டிரெயில் சில்லுகள் சாட்சி. 2013 முதல் மலிவு விலை மடிக்கணினிகளிலும் டேப்லெட்டுகளிலும் ஏராளமாக வந்தவை அவை. ஆழ்ந்த தூக்க நிலைகளைப் பயன்படுத்தத் தெரிந்த கெர்னல்களில் அவை திடீர் திடீரென்று உறைந்துபோயின. ஆழ்ந்த நிலைகளைத் தடைசெய்து, சி1-க்கு மேல் போகாதே என்று சொன்னால் உறைவது நின்றது, பேட்டரி போயிற்று. இந்தப் பழுதைப் பற்றிய முறையீடுகள் பல ஆண்டு தொடர்ந்தன. பழைய கெர்னலோடு நிம்மதியாக இருந்த பே டிரெயில் கணினி ஒன்றுக்குத் தூக்கத் திறனை அள்ளிக் கொடுத்திருந்தால், அதன் சொந்தக்காரருக்கு நாம் செய்தது உதவியாக இருந்திருக்காது.

பின்னேற்றம் எட்டாத இடங்களும் இருக்கின்றன. 2021 நவம்பரில் வந்த இன்டெல்லின் ஆல்டர் லேக் சில்லுகளில் வேக உட்கருக்களும் சிக்கன உட்கருக்களும் கலந்திருக்கின்றன. கைப்பேசிச் சில்லுகளில் அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே இந்த முறை உண்டு. எந்த வேலையை எந்த உட்கருவுக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் கெர்னலின் பகுதி, எல்லா உட்கருக்களும் ஒன்றுபோல என்ற எண்ணத்தில் எழுதப்பட்டிருந்தால், ஓர் அட்டவணை வரியால் அதை மாற்ற முடியாது. மின்செலவைக் கணக்கில் எடுத்து வேலையைப் பங்கிடும் முறை முதன்மை லினக்ஸில் 2019-ல் 5.0-ல்தான் சேர்ந்தது. அதைவிடப் பழைய கெர்னலில் இத்தகைய சில்லை ஓட்டுகிறவர் கெர்னலை மாற்றிவிடுவதே நல்லது.

அப்படி மாற்றுவது பலர் அஞ்சுகிற அளவுக்குப் பெரிய காரியமும் இல்லை. புதிய கெர்னல் பழைய நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காத்துவரும் கொள்கை. எனவே பழைய இயங்குதளத்தின் கீழே புதிய கெர்னலைத் தாராளமாக வைக்கலாம். டெபியனில் இதற்கென்றே பேக்போர்ட்ஸ் என்ற தனிக் களஞ்சியம் இருக்கிறது. உபுண்டுவும் 2013 முதல், நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்குப் புதிய கெர்னல்களைத் தனியாக வழங்கிவருகிறது. வெளியார் எழுதிய இயக்கிகளை நம்பி ஓடும் வழங்கிக் கணினிகளில்தான் கெர்னலை மாற்றக் கைகூசும். அந்த இயக்கிகள் கெர்னலின் உள்ளமைப்பு துளியும் மாறக் கூடாது என்று எதிர்பார்ப்பவை. அங்கே திறனைத் துண்டு துண்டாகப் பின்னேற்றுவதற்கு ரெட் ஹாட் போன்றவர்கள் படும் பாடு தகும். வீட்டு, பள்ளிக் கணினிகளுக்கு அது வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சௌல்தாரியில் ஒரு பழைய போஸ் அல்லது டெபியன் கணினி வைத்திருப்பவர் முதலில் பவர்டாப்பை நிறுவி, கணினியைச் சும்மா விட்டு, சி6 வரியில் எத்தனை விழுக்காடு வருகிறது என்று பார்க்கலாம். தொண்ணூறுக்கு மேல் இருந்தால் கெர்னலைத் தொட வேண்டாம், நொடிக்கு அதிகம் எழுப்பும் நிரல் ஏதாவது இருந்தால் அதை மூடினால் போதும். அந்த வரியே இல்லையென்றால், அல்லது சுழியத்தை ஒட்டி நின்றால், புதிய கெர்னல் பொதியை மட்டும் இறக்கி நிறுவலாம். பழைய கெர்னலை அழிக்க வேண்டாம். இரண்டும் தொடக்கப் பட்டியலில் அருகருகே இருக்கும். ஒரு வாரம் புதியதில் ஓட்டிப் பார்த்து, எங்காவது உறைந்தால் மறுதொடக்கத்தில் பழையதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். உறையவில்லையென்றால் வாட் மீட்டரில் இரண்டு எண்களையும் எழுதிவைத்து, பக்கத்துக் கணினியிலும் அதையே செய்யலாம்.